எம்.ஐ.ஏ.யின் வீடியோக்களில் ஹிப்ஹொப் எது, பொப் எது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போகிறேன். யாழ்ப்பாணத்தில் உயர்தரத்தில் ஊடகக் கற்கை படிக்கிற ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "ஒரு பொப் நட்சத்திரத்தின் இசை வீடியோக்கள் அந்த இசை வகையின் மரபுகளை எப்படிக் காட்டுகின்றன என்று ஆராயச் சொல்லி ஒப்படை தந்திருக்கிறார்கள். நான் எம்.ஐ.ஏ. என்ற ஈழத்தமிழ்ப் பாடகியை எடுத்தேன். கார், நகை, கூட்டு நடனம், குளோசப் என்று மரபுகளை எழுதி, எந்த வீடியோவில் எது இருக்கிறது என்று அட்டவணை போட்டேன். 'இது பட்டியல், பகுப்பாய்வு இல்லை' என்று ரீச்சர் திருப்பித் தந்துவிட்டா. அவர் ஹிப்ஹொப்பா பொப்பா என்பதே எனக்கு இன்னும் பிடிபடவில்லை."

ரீச்சர் சொன்னது சரி. ஆனால் அட்டவணையைக் கிழித்துப் போட வேண்டாம், அது பாதி வேலை. எங்கள் யாழ்ப்பாணக் கூழை யோசியுங்கள்: ஒடியல் மா (காயவைத்த பனங்கிழங்கு மா) இல்லாவிட்டால் அது கூழ் இல்லை. நண்டா, இறாலா, பயற்றங்காயா என்பது வீட்டுக்கு வீடு மாறும். உங்கள் அட்டவணை "மா இருக்கிறது" என்று மட்டும் சொல்கிறது. இந்த வீட்டுக் கூழ் ஏன் இப்படி உறைக்கிறது என்பதைத்தான் ரீச்சர் கேட்கிறார்.

எம்.ஐ.ஏ. விஷயத்தில் எனக்குத் தோன்றுவது இது: அவர் மரபை உடைக்கிறவர் என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அவர் மரபை மிகவும் ஒழுங்காகப் பின்பற்றுகிறார். கார் இருக்க வேண்டிய இடத்தில் கார் இருக்கும், பின்னால் படை நிற்க வேண்டிய இடத்தில் படை நிற்கும். அந்த இடத்தில் வழக்கமாக நிற்கிற ஆளை மட்டும் எடுத்துவிட்டு வேறொருவரை நிறுத்துகிறார். உங்கள் அட்டவணையில் "இருக்கிறது, இல்லை" என்பதற்குப் பக்கத்தில் "யார் நிற்கிறார்?" என்று இன்னொரு நிரலைச் சேருங்கள். பகுப்பாய்வு அங்கேதான் தொடங்குகிறது.

வீடியோக்களுக்குப் போக முன்னம் எங்கள் கண்ணைப் பற்றி ஒன்று. இசை வீடியோக்களை ஒளிபரப்பும் எம்.ரி.வி. தொலைக்காட்சி அமெரிக்காவில் 1981 ஓகஸ்ட் 1ஆம் திகதி தொடங்கியது. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் நாங்கள் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, ஒரே இரவில் மூன்று நாலு இந்தியப் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். 90களில் மின்சாரமே இல்லை; சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட ஊர் இது. இசை வீடியோ என்ற வடிவம் எங்களுக்குப் பிந்தித்தான் வந்தது. அதற்குள் சினிமாப் பாட்டு எங்கள் கண்ணைப் பழக்கிவிட்டது. நின்ற நிலையில் உடை மாறுவது, ஒரு வரி மலையிலும் அடுத்த வரி கடற்கரையிலும் வருவது, பின்னால் முப்பது பேர் ஒரே மாதிரி ஆடுவது எதுவும் எங்களுக்குப் புதினம் இல்லை. அதனாலேயே ஒரு முக்கியமான வித்தியாசத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம். சினிமாப் பாட்டில் நாயகி பெரும்பாலும் நாயகனைப் பார்த்துப் பாடுகிறாள். நாங்கள் பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கிறவர்கள். இசை வீடியோவில் பாடுகிறவர் நேரே கமராவைப் பார்க்கிறார், அதாவது எங்களை. ஹிப்ஹொப்பில் அந்தப் பார்வை ஒரு சவால். பொப்பில் அது ஒரு கெஞ்சலோ அழைப்போ. எம்.ஐ.ஏ. எப்போது கமராவைப் பார்க்கிறார், எப்போது பார்க்காமல் விடுகிறார் என்று குறித்துக்கொண்டு போனாலே உங்களுக்கு ஒரு பக்கம் எழுத விஷயம் கிடைக்கும்.

கோட்பாடு கேட்பார்கள். இசை வீடியோக்களை ஆராய்ந்த அன்ட்ரூ குட்வின் 1992இல் எழுதியது போதும்: ஒவ்வொரு இசை வகைக்கும் தனியான காட்சி மரபுகள் உண்டு; காட்சி பாடல் வரியை அப்படியே காட்டலாம், பெருப்பித்துக் காட்டலாம், அல்லது அதற்குச் சம்பந்தமில்லாமல், முரணாகப் போகலாம்; தாளத்துக்கும் வெட்டுக்கும் தொடர்பு உண்டு; நட்சத்திரத்தின் முகத்தைக் குளோசப்பில் காட்டும்படி இசை நிறுவனம் கேட்கும்; பார்ப்பது, பார்க்கப்படுவது என்ற விளையாட்டு நடக்கும்; வேறு படங்கள், வீடியோக்களின் சாயலும் வரும். இதை ஒரு பந்தியில் சொல்லிவிட்டு நகருங்கள். குட்வினின் ஒவ்வொரு அம்சத்துக்கும் ஒரு உபதலைப்புப் போட்டு எழுதினால் அது மறுபடியும் அட்டவணைதான், பந்தி வடிவத்தில்.

ஆளைப் பற்றியும் கொஞ்சம். எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசம் 1975இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, 80களின் நடுப்பகுதியில் திரும்பவும் லண்டன் போனவர். முதல் அல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயர் ('அருளர்', 2005), இரண்டாவதற்கு அம்மாவின் பெயர் ('கலா', 2007). உங்கள் தலைப்புக்கு இவற்றைவிட முக்கியமானது, அவர் சென்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் திரைப்படம் படித்தவர் என்பது. பாடகியாக வர முன்னமே எலாஸ்டிகா என்ற பிரித்தானிய றொக் குழுவின் சுற்றுப்பயணத்தைக் கமராவில் எடுத்தவர். கமராவுக்குப் பின்னால் நின்று பழகியவருக்கு எந்த மரபு எதற்காக இருக்கிறது என்று தெரியும்.

ஒரு எச்சரிக்கை. "எங்கட ஊர்ப் பிள்ளை" என்ற பாசத்தில் எல்லா ஷொட்டிலும் போரைத் தேடாதீர்கள். எங்கள் மாணவர்களின் ஒப்படைகளில் அடிக்கடி நடப்பது இது. பனை தெரிந்தால் யாழ்ப்பாணம், புகை தெரிந்தால் 2009. சில இடங்களில் அது உண்மைதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் வாழ்க்கை வரலாற்றைக் காரணம் சொன்னால் வகைமை என்ற கேள்வியே காணாமல் போய்விடும். அவர் வாழ்க்கையைப் பற்றி ஸ்டீவ் லவ்ரிட்ஜ் எடுத்த ஆவணப்படம் 2018இல் வந்திருக்கிறது. அதைப் பாருங்கள், ஆனால் அதை வைத்து வீடியோவை வாசிக்காதீர்கள்.

இனி 'பேட் கேர்ள்ஸ்'. 2012 பெப்ரவரியில் வந்தது, இயக்கம் ரொமேன் கவ்ராஸ், எடுத்த இடம் மொரோக்கோவின் வர்சசாத். அந்த ஆண்டின் எம்.ரி.வி. வீடியோ விருதுகளில் சிறந்த இயக்கத்துக்கும் சிறந்த ஒளிப்பதிவுக்கும் பரிசு வாங்கியது. உங்கள் ஒப்படையின் முதுகெலும்பாக இதைத்தான் வைக்கச் சொல்வேன்.

ஹிப்ஹொப் வீடியோவில் கார் என்ன செய்கிறது என்று யோசியுங்கள். பெரும்பாலும் அது ஓடுவதில்லை, நிற்கிறது. புதுசு, பளபளப்பு, விலை உயர்ந்தது. ராப்பர் அதில் சாய்ந்து நிற்பார். பெண்கள் பொனட்டில் இருப்பார்கள் அல்லது பக்கத்தில் ஆடுவார்கள். காரும் பெண்ணும் ஒரே வரிசையில் வைக்கப்பட்ட சொத்துகள். கமரா தாழ்வான கோணத்தில் இருந்து ஆணைப் பெருப்பித்துக் காட்டும், பெண்ணை மேலிருந்து கீழாகத் தடவிப் போகும்.

'பேட் கேர்ள்ஸ்'இலும் கார் இருக்கிறது. ஆனால் தூசி படிந்த பழைய கார்கள், அவை ஓடுகின்றன. வளைகுடா நாடுகளில் இளைஞர்கள் நெடுஞ்சாலையில் செய்கிற ஆபத்தான விளையாட்டுகள்: சறுக்கி ஓட்டுவது, ஒரு பக்கத்து இரண்டு சில்லில் மட்டும் காரைச் சாய்த்து ஓட்டுவது. அப்படிச் சாய்ந்து ஓடுகிற காரின் பக்கவாட்டில் எம்.ஐ.ஏ. அமர்ந்து நகத்துக்கு அரம் போட்டுக்கொண்டிருக்கிறார். இந்த ஒரு ஷொட்டை நீங்கள் அரைப் பக்கத்துக்கு எழுதலாம். ஆபத்துக்கு நடுவில் அலட்சியமாக இருப்பது ஹிப்ஹொப்பின் மிகப் பழைய மரபு. எம்.ஐ.ஏ. அதை அப்படியே வைத்திருக்கிறார், இன்னும் ஒரு படி கூட்டியும் இருக்கிறார். மாறியது அந்த அலட்சியத்தைக் காட்டுகிற செயல். ராப்பர் சுருட்டுப் பிடிப்பார், காசை எண்ணுவார். இங்கே நகம் தீட்டுதல், பெண்ணின் அலங்காரம் என்று ஒதுக்கப்படுகிற ஒரு வேலை.

ஆண்கள் எங்கே? வீதி ஓரத்தில் நின்று பார்க்கிறார்கள். கை தட்டுகிறார்கள், ஆர்ப்பரிக்கிறார்கள். வழக்கமாகப் பெண்கள் இருக்கிற அலங்காரப் பின்னணியின் இடத்தில் இப்போது அவர்கள் நிற்கிறார்கள். பெண்கள் முகத்தையும் உடலையும் மூடியிருக்கிறார்கள், ஆனால் துணி சிறுத்தைப் புள்ளி போன்ற அச்சுகள் போட்ட துணி. உடலைக் காட்டாமலே கவர்ச்சியைக் காட்டுவது எப்படி என்று இந்த வீடியோ ஒரு விடை வைத்திருக்கிறது. திரைப்படக் கோட்பாட்டாளர் லோரா மல்வி 1975இல் எழுதிய ஆண் பார்வை (பெண்ணை ஆணின் கண்ணால் காட்டுவது) பற்றிய கட்டுரையை உங்கள் ரீச்சர் படிப்பித்திருந்தால் இங்கே கொண்டு வாருங்கள். ஆனால் "பார்வை தலைகீழாகிவிட்டது" என்ற ஒரு வசனத்தோடு விட்டுவிடாதீர்கள். முழுதாகத் தலைகீழாகவில்லை. எம்.ஐ.ஏ.யின் முகம் திறந்திருக்கிறது, குளோசப் அவருக்குத்தான், கமராவை நேரே பார்க்கிறவர் அவர்தான். மற்றப் பெண்களில் ஒருவரைக்கூட நாங்கள் தனி ஆளாக நினைவில் வைப்பதில்லை. ஹிப்ஹொப் மரபைப் புரட்டிப் போட்ட அதே வீடியோ, நட்சத்திரமே நடுநாயகம் என்ற பொப் மரபைத் தொடவே இல்லை.

அந்த நேரத்தில் சவூதியில் பெண்கள் கார் ஓட்டத் தடை இருந்தது, 2018 ஜூனில்தான் அது நீங்கியது. அதனால் பலர் இதை ஒரு அரசியல் வீடியோவாகப் பார்த்தார்கள். வேறு சிலர், பாலைவனம், முக்காடு, துப்பாக்கி என்று மேற்குலகம் அரபு உலகத்துக்கு வைத்திருக்கிற அதே பழைய சித்திரம் என்று குறை சொன்னார்கள். இரண்டையும் எழுதுங்கள். என் கணக்கில் இரண்டாவது தரப்புக்கும் நியாயம் உண்டு. வளைகுடாவின் பழக்கத்தை மொரோக்கோவில் எடுத்து, எல்லாம் ஒரே "அரபு" என்று காட்டுவது, கோயில், தென்னை, யானை மூன்றையும் ஒரே ஷொட்டில் போட்டுத் தமிழர் என்று காட்டுகிற படத்தைப் பார்த்து நாங்கள் எரிச்சல்படுகிற அதே விஷயம்தான்.

தாளத்தையும் கவனியுங்கள். சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள். பிறகு திரையைத் திருப்பி வைத்துவிட்டுப் பாட்டை மட்டும் கேளுங்கள். பாட்டில் ஒரு கிழக்கத்திய மெட்டு திரும்பத் திரும்பச் சுழல்கிறது. காட்சியில் கார்களும் அப்படித்தான் சுழல்கின்றன, அதுவும் பல இடங்களில் மெதுவான இயக்கத்தில். வேகமாக வாழ்வதைப் பற்றிய வரிக்கு மெதுவான காட்சி. குட்வின் சொன்ன முரண் இதுதான், தேடி அலைய வேண்டியதில்லை.

அடுத்ததாக இரண்டு வீடியோக்களை ஒன்றாக எடுங்கள்: 'போய்ஸ்' (2007), 'போர்டர்ஸ்' (2015). இரண்டிலும் அமைப்பு ஒன்றுதான், நடுவில் ஒரு பெண், சுற்றிப் பல ஆண்கள். ஒரே மரபு இரண்டு விதமாகப் பலிக்கிறது என்பதைக் காட்ட இதைவிட நல்ல சோடி கிடையாது.

'போய்ஸ்' ஜமைக்காவில் எடுத்தது. பாட்டின் அடியில் உறுமி மேளம் கேட்கும். 'கலா' அல்பத்தின் ஒரு பகுதியைச் சென்னையில்தான் பதிவு செய்தார். காட்சியோ ஜமைக்காவின் நடன இசையான டான்ஸ்ஹோல். டான்ஸ்ஹோல் வீடியோவின் வழக்கம் வீதியில் கூட்டம், போட்டி போட்டு ஆடுவது, கமரா ஆடுகிறவரின் உடலுக்குக் கிட்ட போவது. அந்த உடல் வழக்கமாகப் பெண்ணுடையது. இங்கே ஆடுகிறவர்கள் ஆண்கள், தங்களைக் காட்டிக்கொள்கிறவர்களும் அவர்களே, எம்.ஐ.ஏ. அவர்களை ஆட்டுவிக்கிறார். நிறங்கள் கண்ணைக் குத்தும். இதில் ஆண்களுக்கு அவமானம் எதுவும் இல்லை. அவர்கள் சந்தோசமாக ஆடுகிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித் தனி அசைவு இருக்கிறது. அதனால்தான் இந்த வீடியோ பிசகவில்லை.

'போர்டர்ஸ்' அவரே இயக்கியது. அகதிகளைப் பற்றியது. வேலியில் ஏறுகிற ஆண்கள், படகில் நெருக்கி இருக்கிற ஆண்கள், நீருக்குள் நடக்கிற ஆண்கள். வேலியில் தொங்குகிற உடல்கள் சேர்ந்து ஆங்கிலத்தில் 'வாழ்க்கை' என்ற சொல்லாகத் தெரிகிற ஷொட் ஒன்று உண்டு. பார்க்க மிக நேர்த்தியான வீடியோ. எனக்குச் சிக்கலே அந்த நேர்த்திதான். ஹிப்ஹொப்பில் ராப்பருக்குப் பின்னால் படை நிற்பது "நான் தனி ஆள் இல்லை, எனக்குப் பின்னால் ஒரு தெரு இருக்கிறது" என்று சொல்வதற்கு. 'போர்டர்ஸ்'இலும் அதே அமைப்புத்தான், ஆனால் பின்னால் இருப்பவர்கள் பேசுவதில்லை, ஆடுவதில்லை, அசைவதும் குறைவு. நடுவில் நட்சத்திரம் கமராவைப் பார்த்துப் பாடுகிறார். படகில் போனவர்களைத் தெரிந்த குடும்பம் இல்லாத ஊர் எங்கள் பக்கத்தில் குறைவு. அந்தக் கண்ணோடு பார்த்தால் பின்னால் இருக்கிற முகங்கள்தான் முதலில் தெரியும், பாடுகிறவர் பிறகுதான். வீடியோ அந்த வரிசையில் பார்க்க விடுவதில்லை. நோக்கம் நல்லது, மரபு அதை விழுங்கிவிட்டது என்பது என் தீர்ப்பு. நீங்கள் உடன்பட வேண்டியதில்லை, ஆனால் உடன்படாவிட்டால் ஏன் என்று ஷொட்டைக் காட்டி எழுதுங்கள். இன்னொன்று, இதில் அவர் அணிந்த ஒரு உதைபந்தாட்ட ஜேர்சியில் விமான நிறுவனத்தின் விளம்பர வாசகத்தைக் கடற்கொள்ளையர் என்று வருமாறு மாற்றியிருந்தார். அந்த ஜேர்சிக்குச் சொந்தமான பாரிஸ் சென் ஜெர்மன் கழகம் அதற்கு ஆட்சேபித்துக் கடிதம் அனுப்பியது. பெரிய நிறுவனத்தின் அடையாளத்தை உடலில் போட்டுக் காட்டுவது ஹிப்ஹொப் மரபு. அதையும் வைத்துக்கொண்டு வாசகத்தை மட்டும் மாற்றியிருக்கிறார். அவருடைய வழக்கமான கைவேலை.

'பேப்பர் பிளேன்ஸ்' எல்லோருக்கும் தெரிந்த பாட்டு என்பதால் ரீச்சர் எதிர்பார்ப்பார். குடியேறிகளைப் பற்றிய பயத்தைக் கேலி செய்கிற பாட்டு. அடியில் ஓடுவது த கிளாஷ் என்ற பிரித்தானிய றொக் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றின் இசை. பல்லவியில் துப்பாக்கிச் சத்தமும் காசுப் பெட்டி திறக்கிற சத்தமும் வரும். துப்பாக்கி, காசு இரண்டும் ஹிப்ஹொப்பின் பழைய சாமான்கள். வீடியோ நியூயோர்க்கின் புரூக்ளினில் எடுத்தது. அங்கே எம்.ஐ.ஏ. ஒரு வானுக்குள் நின்று யன்னல் வழியாக சான்ட்விச் விற்கிறார். பாட்டு உங்களைக் கொள்ளையடிப்பேன் என்கிறது, காட்சி உழைத்துக் காசு வாங்குகிறது. பாட்டின் நக்கல் முழுவதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. எம்.ரி.வி. ஒளிபரப்பியபோது துப்பாக்கிச் சத்தத்தை மாற்றிவிட்டார்கள், எம்.ஐ.ஏ. அதற்குக் கோபப்பட்டார். ஒலியை மாற்றினால் அந்த இடைவெளி மூடிவிடும் என்பதை உங்கள் பந்தியில் சேர்த்தால் ரீச்சருக்குப் பிடிக்கும். மற்றபடி வீடியோ பாட்டுக்கு ஈடு கொடுக்கவில்லை. தெருவில் ஆடுகிற பாதி நேரம் எந்த ராப்பரும் எடுத்திருக்கக்கூடியதுதான்.

'போர்ன் ஃப்ரீ' (2010) பற்றி எழுத ஆசைப்படுவீர்கள். இதுவும் கவ்ராஸ் இயக்கியது, ஒன்பது நிமிடம். செந்நிற முடி உள்ள இளைஞர்களை ஆயுதப் படை ஒன்று வீடு வீடாகப் புகுந்து பிடித்துக்கொண்டு போய்க் கொல்கிறது. போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரத்தில் வந்ததால் எங்களுக்கு அது வேறு மாதிரித்தான் தெரியும். அதை மறைக்க வேண்டாம். ஆனால் உங்கள் தலைப்புக்கு இதில் இருக்கிற விஷயம் ஒன்றே ஒன்று: பாடகி வீடியோவில் இல்லை. குளோசப் இல்லை, உதட்டசைவு இல்லை, நடனம் இல்லை. இசை வீடியோவின் அடிப்படை வியாபாரமே நட்சத்திரத்தின் முகம். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது குறும்படம். 'போர்டர்ஸ்'இல் செய்ய முடியாமல் போனது இங்கே நடந்திருக்கிறது, பாதிக்கப்பட்டவர்களுக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை. வன்முறை கடுமையாக இருக்கும், யூடியூப்பில் அது நீக்கப்பட்டும் வயதுக் கட்டுப்பாட்டுக்குள் போடப்பட்டும் பெரிய சர்ச்சையானது. வகுப்பில் போட்டுக்காட்டும் யோசனை இருந்தால் ரீச்சரிடம் முதலில் கேளுங்கள். வீட்டில் அம்மா அப்பா இருக்கிற அறையில் போட வேண்டாம்.

'கலாங்' பற்றி இரண்டு வசனம் போதும்: அவரே வரைந்த அச்சு ஓவியங்களுக்கு முன்னால் ஆடுகிறார், தாங்கி, குண்டு, பனை போன்ற மரம் எல்லாம் சுவர் ஓவியம் போலப் பின்னால் வரும்; ஹிப்ஹொப்பின் கிராஃபிட்டிச் சுவரை எடுத்து வேறு ஊரின் சித்திரங்களால் நிரப்பியது. 'ஜிம்மி' 1982இல் வந்த ஹிந்திப் படப் பாட்டின் மறுபாடல், டிஸ்கோ மினுமினுப்பை அப்படியே பின்பற்றி எடுத்தது. சும்மா இரசிக்கலாம்.

சரி, அவர் ஹிப்ஹொப்பா பொப்பா? ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டியதில்லை, ஆனால் "கலப்பு" என்று எழுதிவிட்டுத் தப்பவும் முடியாது. எது எங்கிருந்து வருகிறது என்று சொல்லுங்கள். சாமான்கள் (கார், தெரு, படை, துப்பாக்கி, ஜேர்சி) ஹிப்ஹொப்பில் இருந்து வருகின்றன. உடல் அசைவும் கூட்டமும் டான்ஸ்ஹோலில் இருந்து. கமரா யாரை நடுவில் வைக்க வேண்டும் என்ற விதி பொப்பினுடையது. இடம் மாறி இடம் பாய்கிற பழக்கமும் நிறக் கூச்சலும் இந்திய சினிமாப் பாட்டுக்கும் நெருக்கம், அதை யாழ்ப்பாணத்துப் பிள்ளை சொன்னால் லண்டன் மாணவர் சொல்வதைவிட எடுபடும். ஏனென்றால் உங்களுக்கு அது தெரிந்த மொழி.

"எங்கள் ஊர் வீடியோ ஒன்றை ஒப்பிடலாமா" என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. இங்கே பொடியன்கள் எடுக்கிற ராப் வீடியோக்களைப் பாருங்கள்: பனங்கூடல், கூரை இல்லாத பழைய வீடு, கோட்டை மதில், தண்டவாளம், வரிசையாக மோட்டார் சைக்கிள். அமெரிக்க ராப்பரின் தெரு மூலைக்குப் பதிலாக இவர்களுக்கு உடைந்த வீடு. அது மரபைப் பின்பற்றுவதா, இடத்தைச் சொல்வதா, இல்லை காசு செலவில்லாத லொக்கேஷன் என்பதாலா? மூன்றும்தான் என்று நினைக்கிறேன். கலியாண வீடியோக்காரரும் சாமத்திய வீட்டு வீடியோக்காரரும் இதே மொழியைத்தான் பேசுகிறார்கள். அலங்கரித்த பழைய மொரிஸ் மைனர் காரில் சாய்ந்து மெதுவான இயக்கத்தில் கண்ணாடி கழற்றுகிற மாப்பிள்ளையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மணப்பெண் அந்தக் காரை ஓட்டி வருகிற வீடியோ எத்தனை பார்த்திருக்கிறீர்கள் என்றும் யோசியுங்கள். 'பேட் கேர்ள்ஸ்' பந்திக்கு அது நேரே உதவும். தெரிந்தவர்களின் குடும்ப வீடியோவைப் பயன்படுத்துவதென்றால் கேட்டுவிட்டு, பெயர் போடாமல் எழுதுங்கள்.

வேலைத் திட்டம்: 'பேட் கேர்ள்ஸ்' விரிவாக, 'போய்ஸ்'ஐயும் 'போர்டர்ஸ்'ஐயும் சோடியாக, 'பேப்பர் பிளேன்ஸ்' ஒரு பந்தி. 'போர்ன் ஃப்ரீ' வேண்டுமென்றால் கடைசியில். ஒவ்வொரு வீடியோவிலும் இருபது வினாடி மட்டும் எடுத்து ஷொட் ஷொட்டாக எழுதுங்கள்: கமரா எங்கே, யார் நடுவில், யார் ஓரத்தில், யார் எங்களைப் பார்க்கிறார், வெட்டு தாளத்தில் விழுகிறதா. அந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு எழுதத் தொடங்குங்கள், பழைய அட்டவணையைப் பின்னிணைப்பாகப் போட்டுவிடலாம். முதல் வரைவு முடிந்ததும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.